விமானம் ஓட்ட எத்தனை ரூபாய்க் கணிப்பொறி வேண்டும்?

கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் என் வீட்டுக்கு வந்தான். தந்தை தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம் செய்பவர். பையன் கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் கணிப்பொறி ஒன்றின் உறுப்புகளின் பெயர்களும், எதிரே விலைகளும், அடியில் கூட்டுத்தொகையும் இருந்தன. தொகை 92,000 ரூபாய்.

"சாரே, இவன் பிளேன் ஓட்டப் போறானாம். அதுக்கு இந்த மெஷின்தான் வேணும்ணு ஒத்தக் காலுல நிக்கான். இவனுக்க அம்மைக்க சங்கிலிய பேங்குல வச்சா எடுத்திரலாம். வைக்கணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றார் தந்தை.

பையன் கேட்டது ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கான கணிப்பொறி. இந்த விளையாட்டு வீண் என்று சொல்லும் ஆசிரியர் கூட்டத்தில் நான் சேர்ந்தவன் அல்லன். பதினோராம் வகுப்புப் பௌதிகத்தில் பாதியை இதில் கண்ணால் காணலாம். ஆயினும் அன்று "வைக்க வேண்டாம்" என்றே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. இதே தாளுடன் வேறு வீடுகளிலும் வாதம் நடந்துகொண்டிருக்கும் என்பதால் அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

மாணவ நண்பர்களே, விமானம் ஓட்டும் விளையாட்டில் கணிப்பொறி ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. விமானம் எப்படிப் பறக்கும் என்று கணக்கிடுவது ஒன்று. சன்னல் வழியே என்ன தெரியும் என்று படம் வரைவது மற்றொன்று. முதல் வேலை மிகவும் மலிவானது. பணம் எல்லாம் இரண்டாவது வேலைக்கே போகிறது. தாளில் இருந்த 92,000 ரூபாயில் பறப்பதற்கான பங்கு எவ்வளவு என்று பையனைக் கேட்டேன். அவன் விழித்தான். நீங்களும் விழிக்கக்கூடும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

குளச்சல் கடலில் மிதக்கும் ஒரு கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது முன்னும் பின்னும் நகரும், பக்கவாட்டில் நகரும், அலையோடு மேலும் கீழும் போகும். இவை மூன்று. அது இடமும் வலமுமாகச் சாயும், தலைப்பக்கம் தூக்கித் தாழும், திசை திரும்பும். இவை இன்னும் மூன்று. விமானத்துக்கும் இந்த ஆறு அசைவுகள்தாம் உண்டு, ஏழாவது கிடையாது. ஒவ்வோர் அசைவுக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியைப் பொருத்துகிறோம். இறக்கையின் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும், வேகத்தின் இருமடியையும், இறக்கையின் பரப்பையும், ஒரு கெழுவையும் பொறுத்தது. அந்தக் கெழு அட்டவணையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. விசை தெரிந்தால் முடுக்கம் தெரியும், முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து அடுத்த கணம் விமானம் இருக்கும் இடம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஃப்ளைட்கியர் என்ற இலவச விளையாட்டில் இந்தச் சுற்று இயல்பாக ஒரு நொடிக்கு 120 முறை நடக்கிறது. ஒரு சுற்றுக்கு 10,000 கூட்டல் பெருக்கல்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12 லட்சம் ஆயிற்று. பெரிய எண்ணாகத் தோன்றுகிறதா? 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் என்றால் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள். பத்தாண்டுப் பழைய அலுவலகக் கணிப்பொறியும் இந்தக் கணக்கை அரைத்தூக்கத்தில் செய்துவிடும்.

இனிப் படத்தைப் பாருங்கள். சாதாரணத் திரை ஒன்றில் கிடையாக 1920, செங்குத்தாக 1080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. அசைவு சீராகத் தெரிய நொடிக்கு 30 படமாவது வேண்டும். ஆக நொடிக்கு 6,22,08,000 புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். வெயில் எங்கிருந்து அடிக்கிறது, மேகம் மறைக்கிறதா, நீர் மின்னுகிறதா என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஓராயிரம் கணக்கு என்று வைத்தால் நொடிக்கு 6,220 கோடி! பறக்கும் கணக்கைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேல். இந்த வேலைக்காகவே சிறுசிறு கணக்கர்களை ஆயிரக்கணக்கில் ஒரே தகட்டில் அடுக்கிய கிராபிக்ஸ் கார்டு வந்தது. பையனின் தாளில் மிக அதிக விலை போட்டிருந்த பொருளும் அதுவே.

'படமே சரியாக இல்லாவிட்டால் அது என்ன விமானம் ஓட்டுவது?' என்று நீங்கள் கேட்கலாம். பையனும் கேட்டான். வரலாறு அதற்கு வேறு விதமாக விடை சொல்கிறது. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் விமானிகளைப் பழக்கும் பொறி ஒன்றைச் செய்தார். அவருடைய தந்தை இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியவர்; ஆர்கன் கருவியின் துருத்திகளைக் கொண்டே அந்தப் பொறி சாய்ந்தும் திரும்பியும் ஆடியது. பயில்பவரை உள்ளே உட்காரவைத்து மேலே மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். வெளியே எதுவுமே தெரியாது. எதிரே உள்ள கருவிகளின் முட்களை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் இப்படித்தான் பழகினர்.

கணிப்பொறிக்கு வந்தபின்பும் கதை அதுவே. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1975-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலை ஆய்வாகப் பறக்கும் காட்சியைக் கணிப்பொறியால் வரைவது பற்றி எழுதினார். 1980-ல் ஆப்பிள் 2 என்ற கணிப்பொறிக்கு அவருடைய விளையாட்டு வெளிவந்தது. அதன் பிராசஸர் நொடிக்கு 10 லட்சம் துடிப்புகள்தாம். நினைவகம் 16 கிலோபைட். இன்று கைப்பேசியில் நீங்கள் எடுக்கும் ஒரே புகைப்படம் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். தரை என்று சில கோடுகள், மலை என்று இன்னும் சில கோடுகள். அதை வைத்துக்கொண்டே மக்கள் பறந்தார்கள். 1982-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு உரிமம் பெற்று வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர்தான் இன்று உங்கள் வாயில் அடிபடும் பெயர்.

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்து, இங்குள்ள தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1982-ல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 2018 முதல் 2022 வரை அதன் தலைவராக இருந்தவர் கே. சிவன். அந்நிறுவனத்தின் ஏவுகலங்கள் செல்லும் பாதையை முன்கூட்டியே கணித்துப் பார்க்கும் 'சித்தாரா' என்ற மென்பொருளின் தலைமை வடிவமைப்பாளர் அவர். அதுவும் ஆறு அசைவுகளைக் கணக்கிடும் பாவனைதான். நான் மேலே சொன்ன கட்டுமரக் கணக்கின் பெரிய அண்ணன். ராக்கெட்டில் எரிபொருள் தீரத் தீர நிறை மாறும், காற்று மெலியும், ஆகையால் கணக்கு இன்னும் கடுமை. ஆனால் அதற்கு வேண்டியவை எண்கள். கீழே தென்னந்தோப்பு எப்படித் தெரிகிறது என்று அது கேட்பதில்லை.

இப்போது கடைத்தெருவில் பேசப்படும் விளையாட்டுகளைப் பார்ப்போம். மைக்ரோசாஃப்டின் 2020-ம் ஆண்டுப் பதிப்பு குறைந்தது 8 ஜி.பி. ரேமும் 150 ஜி.பி. வட்டிடமும் கேட்டது. 2024-ம் ஆண்டுப் பதிப்பு 16 ஜி.பி. ரேமில் தொடங்கி, 32 இருந்தால் நல்லது என்கிறது. உலகம் முழுவதன் வான்படங்களையும் தொலைவிலுள்ள கிடங்கில் வைத்துக்கொண்டு, நீங்கள் பறக்கப் பறக்க இணையம் வழியே அனுப்புகிறது. கைப்பேசியில் நாளைக்கு இத்தனை ஜி.பி. என்று கணக்குப் பார்த்து வாழும் வீட்டில் இது என்ன ஆகும் என்று யோசியுங்கள். கணிப்பொறி வாங்கிய பிறகு வந்து சேரும் இந்தச் செலவைத் தாளில் யாரும் எழுதுவதில்லை. அந்த விளையாட்டு அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக அழகு. ஆனால் 92,000 ரூபாய் அந்த அழகின் விலை. பறப்பதன் விலை அன்று.

ஃப்ளைட்கியர் 1997 முதல் ஆர்வலர்களால் வளர்க்கப்பட்டு வருவது. விலை கிடையாது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதன் நிலப்படம் அட்சரேகை ஒரு பாகை, தீர்க்கரேகை ஒரு பாகை கொண்ட கட்டங்களாக இருக்கிறது. வேண்டிய கட்டத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம் நிலையம் 76-க்கும் 77-க்கும் இடைப்பட்ட கட்டத்தில், நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் 77-78 கட்டத்தில், தூத்துக்குடி நிலையம் 78-ஐத் தாண்டியவுடன். மூன்றே கட்டங்கள்! தென்கோடி முழுவதும் உங்கள் கையில். திருவனந்தபுரத்தில் ஏறிக் கரையோரமாகவே வந்தால் கன்னியாகுமரி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செஸ்னா என்ற சிறு விமானத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்குள். உங்கள் வீட்டுத் தெருவை அதில் தேடாதீர்கள், இராது. எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு விளையாட்டு விலை கொடுத்து வாங்குவது. ஆனால் அதற்கு இலவச மாதிரி உண்டு. அது உங்கள் கணிப்பொறியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு காசைப் பற்றிப் பேசலாம்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. படம் அழகாக இல்லாவிட்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. படம் தாமதமாக வந்தால் பறப்பதே கெட்டுப்போகும். அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் கண்ணைத் திறந்து சைக்கிள் ஓட்டிப் பாருங்கள் (ஓட்டாதீர்கள், கற்பனை போதும்). சாய்வதைப் பார்த்துத் திருத்துவதற்குள் சைக்கிள் மறுபக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் அதையும் அதிகமாகத் திருத்துவீர்கள். ஆட்டம் பெருகிப்பெருகி விழுவீர்கள். நொடிக்குப் பத்துப் படம் காட்டும் கணிப்பொறியில் விமானம் இறக்குவதும் இப்படித்தான். ஆகவே அழகை எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள், நொடிக்கு இருபத்தைந்து முப்பது படங்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேகத்தையும் நிழலையும் அணைத்துவிடலாம். படத்தை 1280-க்கு 720 என்று குறைத்தால் புள்ளிகள் 9,21,600. வேலை பாதிக்கும் கீழே. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, என்ன வாங்குவது? முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு என்று புதிய அறிவிப்பு வந்தது. அக்காவிடமோ சித்தப்பா மகனிடமோ ஒன்று இருக்கலாம். 2011-ன் முதல் பொறிகளில் ரேம் 2 ஜி.பி.தான், அவற்றில் ஃப்ளைட்கியரின் பழைய பதிப்பைத்தான் முயல வேண்டும், பொறுமையும் வேண்டும். பின்னால் வந்தவற்றில் ரேமைக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டாலே ஆள் மாறிவிடும்.

தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில் படம் வரையும் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அங்கே நெரிசல் ஏற்படும். 8 ஜி.பி. ரேம் ஒரே பலகையாக இருந்தால் ஒற்றைவழிச் சாலை. அதையே இரண்டு 4 ஜி.பி. பலகைகளாக இரண்டு பாதைகளில் பொருத்தினால் இரட்டைவழிச் சாலை. டி.டி.ஆர்.4-2400 என்ற வகையில் நொடிக்கு 19.2 ஜி.பி. போவது 38.4 ஆகிறது. மலிவுக் கணிப்பொறியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் மாற்றம் இதுவே என்பது என் கருத்து. ஆனால் கடைக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால், அலுவலகங்களிலிருந்து கழித்துவந்த மேசைக் கணிப்பொறியை வாங்கச் சொல்வேன். பையனின் தாளில் இருந்த தொகையில் நாலில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். மூன்று எச்சரிக்கைகள் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அதைவிடப் பழையது என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் துணிவு வேண்டும். ஃப்ளைட்கியருக்கு அது தடை அன்று, பெரிய விளையாட்டுகளுக்குத் தடை. அடுத்தது, பெட்டியின் அளவு. ஒல்லியான அலுவலகப் பெட்டியில் பெரிய கிராபிக்ஸ் கார்டு நுழையாது. அதன் மின்வழங்கியும் தாங்காது. பின்னாளில் கார்டு போடும் எண்ணம் இருந்தால் அகலமான பெட்டியாக வாங்குங்கள். செருகுமிடத்திலிருந்தே மின்சாரம் பெறும் கார்டுகள் உண்டு. அந்த இடம் தரக்கூடியது 75 வாட், அதற்குள் அடங்குவதாகப் பார்க்க வேண்டும். கடைசியாக, மணவாளக்குறிச்சி, முட்டம் போலக் கடலை ஒட்டிய ஊர்க்காரர்கள் மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்று தின்ற பலகையை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

'கேமிங் லேப்டாப்' என்று சிவப்பு விளக்கு எரியும் மடிக்கணினிகளைப் பற்றிக் கேட்பீர்கள். பெரிய கார்டு உள்ளே இருப்பது உண்மை. அதன் வெப்பம் வெளியேற ஒரு விரல் அகலத்தில் வழி இருப்பதும் உண்மை. சூடு ஏறினால் பொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊரின் சித்திரை மாதத்தில், விசிறிக்குக் கீழே, நீங்கள் காசு கொடுத்த வேகம் பத்து நிமிடத்துக்குத்தான் உங்களுடையது. மின்கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். 400 வாட் இழுக்கும் பெரிய கணிப்பொறி நாளைக்கு 2 மணி நேரம் ஓடினால் இரு மாதத்துக்கு 48 யூனிட். 100 வாட் இழுப்பது 12 யூனிட்.

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். விசைப்பலகையில் பொத்தானை அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. பாதி என்பது கிடையாது. விமானம் ஓட்டுவது முழுக்கமுழுக்கப் பாதியும் காலும் அரைக்காலுமான அசைவுகள். அழகான படமும் விசைப்பலகையும் வைத்திருப்பவனைவிட, கோட்டுப்படமும் ஜாய்ஸ்டிக்கும் வைத்திருப்பவன் சீக்கிரம் விமானத்தை இறக்கக் கற்பான்.

வாங்கும் கணிப்பொறி போதுமா என்று சோதிக்க என்னிடம் ஒரு பரீட்சை உண்டு. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பது சும்மா அல்ல. அந்த மேல்காற்றை விளையாட்டில் வையுங்கள்: 270 பாகையிலிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, 20 நாட். திருவனந்தபுரத்தின் ஓடுபாதை எண் 32 என்றால் அது திசைகாட்டியில் சுமார் 320 பாகையை நோக்குகிறது என்று பொருள். இடைக்கோணம் 50 பாகை. குறுக்குக் காற்று 20 சைன் 50, அதாவது 15.3 நாட், இடப்பக்கத்திலிருந்து. எதிர்க்காற்று 20 கோசைன் 50, அதாவது 12.9 நாட். செஸ்னா 172 விமானத்தை 15 நாட் குறுக்குக் காற்றுவரை இறக்கிக் காட்டியிருப்பதாக அதன் கையேடு சொல்கிறது. ஆகவே இது சரியான விளிம்பு. 65 நாட் வேகத்தில் வரும்போது ஓடுபாதைக் கோட்டில் நிலைக்க, மூக்கை ஏறத்தாழ 14 பாகை இடப்பக்கம் திருப்பி, கடற்கரை நண்டுபோலப் பக்கவாட்டில் வர வேண்டும். தரை தொடுவதற்குச் சற்று முன் நேராக்க வேண்டும். பள்ளியில் படித்த சைனும் கோசைனும் கைக்குள் வந்து இழுப்பதை அப்போது உணர்வீர்கள். இதைச் சீராக ஓட்டிக்காட்டும் கணிப்பொறி உங்களுக்குப் போதும். ஃப்ளைட்கியரைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்கே போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பெரிய கணிப்பொறி யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஓராண்டு ஓட்டிப் பழகி, மலைகளையும் ஆறுகளையும் கண்ணால் பார்த்தே வழி கண்டுபிடித்துப் பறக்க ஆசைப்படுகிறவனுக்கு நல்ல படம் தேவைதான். அவனுக்கு அப்போது என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். ஆனால் வட்டிக்குப் பணம் வாங்கி அந்த இடத்தில் தொடங்கக்கூடாது என்பதே என் பேச்சு.

தோவாளைப் பையனுக்கு அலுவலகத்திலிருந்து கழித்துவந்த கணிப்பொறி ஒன்று கிடைத்தது. ரேம் இரண்டு பலகைகள், சிறிய எஸ்.எஸ்.டி., ஒரு ஜாய்ஸ்டிக். சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. முதல் நாள் தந்தை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தோவாளை எங்க மக்களே?" என்றாராம். பையன் ஒரு பச்சைத் திட்டைக் காட்டினானாம். அவருக்குத் திருப்தி இல்லை. சென்ற மாதம் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். "சார், 32-ல எறங்கிட்டேன். எடது சக்கரம்தான் மொதல்ல தொட்டுது" என்றான். காற்று எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன். 12 நாட் என்றான். இருபதில் இன்னும் ஓடுபாதைக்கு வெளியே புல்லில்தான் போய் விழுகிறானாம்.